கால்வாய்க் கரையில் ஒரு பழைய தவறணை

"அக்கா, இண்டைக்கு உங்களை ஒரு தவறணைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன்."

காலைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தங்கை இப்படிச் சொன்னபோது என் கையிலிருந்த தேநீர்க் கோப்பை ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டது.

"உனக்கென்ன விசரே? இந்த வயதிலை நான் தவறணைக்கு வாறதோ?"

"வந்து பாருங்கோ. பிடிக்காட்டில் உடனே திரும்பி வருவம்."

தவறணை என்ற சொல்லைக் கேட்டதும் பெண்களாகிய எமக்கு என்ன நினைவு வரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மாலையானதும் அந்த ஒழுங்கையைத் தவிர்த்துச் சுற்றிப் போகும் பெண்பிள்ளைகள், சம்பள நாளன்று கணவனின் காலடி ஓசைக்குக் காத்திருக்கும் மனைவி, அடகுக்குப் போன தோடு, பாதியில் படிப்பை விட்ட பிள்ளை, இவைதாம் நினைவுக்கு வரும். மலையகத் தோட்டமானாலும் கரையோரக் குடிசையானாலும் யாழ்ப்பாணத்து ஒழுங்கையானாலும் இந்தக் கதை ஒன்றுதான். ஆகவே நெதர்லாந்தில் வாழும் என் தங்கையின் அழைப்பு எனக்கு மகிழ்ச்சியைத் தரவில்லை. எனினும் விருந்தாளியாகச் சென்ற இடத்தில் மறுக்கவும் மனம் வரவில்லை. போனேன். அங்கே கண்டதையும் கேட்டதையும், அதன் பின் தேடி அறிந்ததையும் வாசகிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்பியே இதனை எழுதுகின்றேன்.

நீருக்கு நடுவே ஒரு நகரம்

அம்ஸ்ரடாம் மத்திய புகையிரத நிலையத்தில் இறங்கிக் கால் மணித்தியாலம் நடந்தோம். இலையுதிர் காலம். மழை தூறிக்கொண்டிருந்தது. எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு கால்வாய், அதன்மேல் ஒரு சிறிய பாலம், பாலத்தின் கம்பிகளில் சாத்தி வைக்கப்பட்ட சைக்கிள்கள்.

இந்நகரம் சதுப்பு நிலத்தில் எழுந்தது. நிலத்தில் மரக்குற்றிகளை ஆழ இறக்கி அவற்றின் மேல்தான் வீடுகளைக் கட்டினார்கள். 1613ஆம் ஆண்டில் நகரைச் சுற்றிப் பெருங் கால்வாய்களை வெட்டத் தொடங்கினார்கள். பிரபுக்கள் கால்வாய், பேரரசர் கால்வாய், இளவரசர் கால்வாய் என்று அவற்றுக்குப் பெயர். இக்கால்வாய் வட்டாரத்தை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

கரையோர வீடுகள் எல்லாம் ஒடுங்கி உயர்ந்தவை. உச்சியில் ஒரு மரத்துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதில் ஒரு கொக்கி தொங்குகிறது. உள்ளே படிக்கட்டுகள் மிகவும் ஒடுக்கமானவை என்பதால் கட்டிலையும் அலுமாரியையும் கயிறு கட்டி வெளியாலேயே தூக்கி யன்னல் வழியாக உள்ளே எடுப்பார்களாம். இன்றும் அப்படித்தான் வீடு மாறுகிறார்கள் என்று தங்கை சொன்னாள்.

நாங்கள் நடந்த கரைக்குப் பிரௌவர்ஸ்கிராக்ட் என்று பெயர். 'பியர் வடிப்போர் கால்வாய்' என்பது பொருள். அக்காலத்தில் நகரின் கழிவெல்லாம் கால்வாய்களுக்குள்ளேயே விழுந்தது. அந்த நீரைக் குடிக்க முடியாது. நல்ல தண்ணீரைத் தூரத்திலிருந்து வள்ளங்களில் கொண்டுவந்தார்கள். பியர் வடிக்கும்போது நீரைக் காய்ச்சுவதால் அது தண்ணீரை விடப் பாதுகாப்பானதாக இருந்தது. அதனால் வீரியம் குறைந்த பியரைப் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாதாரணமாகக் குடித்தார்கள். நல்ல கிணறு இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அதே கரையில் பெரிய மரக் கதவுகளுடன் பழைய பண்டகசாலைகள் வரிசையாக நிற்கின்றன. இன்று அவை வசதி படைத்தோரின் குடியிருப்புகள். அன்று கிழக்கு நாடுகளிலிருந்து கப்பலில் வந்த பொருட்கள் இத்தகைய கட்டடங்களில்தான் அடுக்கப்பட்டன. 1602இல் தொடங்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் செல்வம் இந்நகரின் செங்கற்களில் கலந்திருக்கிறது. அந்தச் செல்வத்தில் எமது நாட்டுக் கறுவாவுக்கும் பங்கு உண்டு.

பியர் வடிப்போர் கால்வாயும் இளவரசர் கால்வாயும் சந்திக்கும் மூலையில், படிப்படியாக உயரும் முகப்புடன் ஒரு சிறிய செங்கல் வீடு நின்றது. "இதுதான்" என்றாள் தங்கை. அதன் பெயர் பாப்பனைலண்ட். 1642ஆம் ஆண்டிலிருந்து இயங்குவதாகச் சொல்லப்படும் கஃபே. 1642 என்றால் யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயர் ஆட்சி. ஒல்லாந்தர் அங்கு வந்து சேர இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன.

பழுப்பு நிற அறை

கதவைத் தள்ளி உள்ளே போனபோது, நான் பயந்த எதுவும் அங்கே இல்லை. கூச்சல் இல்லை. தடுமாறுவோர் இல்லை. எங்கள் வீட்டு விறாந்தையை விடச் சற்றுப் பெரிய அறை. இருண்ட மரச் சுவர்கள், சுவரில் நீலமும் வெள்ளையுமான டெல்ஃப்ற் ஓடுகள், ஒரு பழைய அடுப்பு, பித்தளைக் குழாய்களுடன் ஒரு மேசைத்தட்டு. யன்னலுக்கு வெளியே கால்வாய் நீரில் மழைத்துளிகள் விழுந்துகொண்டிருந்தன.

இத்தகைய இடங்களை அந்நாட்டவர் 'பழுப்புக் கஃபே' என்று அழைக்கிறார்கள். காரணம் எளிதானது. தலைமுறை தலைமுறையாகப் புகைத்த புகையிலையின் கறை சுவரிலும் கூரையிலும் படிந்து எல்லாமே பழுப்பாகிவிட்டன. 2008ஆம் ஆண்டு யூலை மாதத்திலிருந்து கஃபேகளுக்குள் புகைத்தல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் அந்த நிறத்தை அவர்கள் அழிக்கவில்லை.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லிவைக்க வேண்டும். அம்ஸ்ரடாமில் 'கொஃபிஷொப்' என்று பெயர்ப் பலகை உள்ள இடத்தில் விற்கப்படுவது கஞ்சா. கோப்பி குடிக்க விரும்புவோர் 'கஃபே' என்று எழுதியுள்ள இடத்துக்கே போக வேண்டும். பெயரை நம்பி உள்ளே போய்த் திகைத்து வெளியே வந்த எம்மவர் கதைகள் தங்கையிடம் பல உண்டு.

எங்களுக்குக் கோப்பி வந்தது. பால் கூடுதலாகச் சேர்த்த கோப்பிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரின் பொருள் 'பிழையான கோப்பி' என்பதாகும். கோப்பிக்குள் பால் விடுவதுதான் முறை, பாலுக்குள் கோப்பி விடுவது பிழை என்ற கணக்கு. அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரில் நாம் குடிப்பதெல்லாம் பிழையான கோப்பிதான். ஒவ்வொரு கோப்பையோடும் ஒரு சிறிய பிஸ்கட் வைத்தார்கள்.

பக்கத்து மேசையில் ஒருவர் சிறிய கிளாஸ் ஒன்றின் முன் குனிந்து, கையால் தொடாமலே முதல் மிடறை உறிஞ்சினார். நான் பார்ப்பதைக் கண்ட தங்கை சிரித்தாள். அது யெனேவர் என்ற மது. யூனிப்பர் என்ற செடியின் சிறு காய்களின் வாசனை ஊட்டப்பட்டது. கிளாஸின் விளிம்பு வரை ததும்ப ஊற்றுவதால், தூக்கினால் சிந்தும். அதனால்தான் முதல் மிடறுக்கு மனிதர் கிளாஸிடம் குனிய வேண்டியிருக்கிறது.

பின்னர் அப்பிள் பணியாரம் வந்தது. தடித்த மாவுக்குள் பெரிய அப்பிள் துண்டுகளை வைத்துச் சுட்டு, மேலே அடித்த பாலாடை வைத்துக் கொடுக்கிறார்கள். இந்தக் கஃபேயின் சிறப்பே இதுதான். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி பில் கிளின்ரன் 2011இல் இங்கு வந்தபோது இதனைச் சுவைத்து மகிழ்ந்தாராம். நான் ஒரு வாய் வைத்ததும் முதலில் நாவில் தெரிந்தது அப்பிள் அல்ல, கறுவா.

அந்த வாசனைக்காகத்தான் இவர்கள் எங்கள் நாட்டுக்கு வந்தார்கள். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கறுவா வியாபாரம் முழுவதும் கம்பனிக்கே உரியது என்றார்கள். கம்பனியின் அனுமதியின்றிக் கறுவா மரத்தை வெட்டியவருக்கும் பட்டையை விற்றவருக்கும் மரண தண்டனை வரை விதிக்க இடமிருந்தது. காடுகளில் அலைந்து பட்டை உரிப்பது ஒரு சமூகத்தின் கட்டாயக் கடமையாக்கப்பட்டது. இப்போது அந்த வாசனை ஒரு மழை நாளில், பீங்கான் தட்டில், என் முன்னால் இருந்தது. பணியாரம் சுவையாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டாவது துண்டை மெதுவாகவே சாப்பிட்டேன்.

நிலத்தின் கீழ் ஒரு வழி

பாப்பனைலண்ட் என்றால் 'பாப்புமார் தீவு'. பாப்பரசரை ஏற்றுக்கொண்ட கத்தோலிக்கரை ஏளனமாக அழைத்த பெயர் அது. ஒரு தவறணைக்கு ஏன் இப்படி ஒரு பெயர் வந்தது என்று கேட்டேன். தங்கை எழுந்து என்னைக் கீழே இறங்கும் படிக்கட்டின் அருகே கூட்டிச் சென்றாள்.

1578ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரின் ஆட்சி புரட்டஸ்தாந்தரின் கைக்கு மாறியது. கத்தோலிக்கர் பகிரங்கமாக வழிபடுவது தடை செய்யப்பட்டது. ஆனால் வெளியில் தெரியாமல் வழிபட்டால் அதிகாரிகள் கண்டும் காணாதவர்போல இருந்தார்கள். அதற்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்த காலங்களும் உண்டு. ஆகவே வீடுகளுக்குள்ளும் பண்டகசாலைகளுக்குள்ளும் மறைவான ஆலயங்கள் தோன்றின. அத்தகைய ஓர் ஆலயம் கால்வாயின் மறுகரையில் இருந்ததாகவும், இந்தத் தவறணையிலிருந்து நிலத்தின் கீழாக அங்கு போக ஒரு சுரங்க வழி இருந்ததாகவும் சொல்கிறார்கள். பியர் குடிக்க வருபவர்போல உள்ளே வந்து, படியிறங்கிப் பூசைக்குப் போனார்களாம்.

இத்தகைய மறைவான ஆலயம் ஒன்றை இன்றும் பார்க்கலாம். யான் ஹார்ட்மன் என்ற வணிகர் 1661இல் வாங்கிய கால்வாய்க் கரை வீட்டின் மேல்மாடங்களில், 1663இல் ஒரு முழு ஆலயத்தையே அமைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரண வீடு. உள்ளே படிகளில் ஏறிப் போனால் பீடமும் மாடங்களும் கொண்ட கோவில். 1888ஆம் ஆண்டிலிருந்து அது நூதனசாலையாக உள்ளது. 'பரணில் எம் ஆண்டவர்' என்பது அதன் பெயர்.

பெண்கள் காத்த மறைவிடம் ஒன்றும் உண்டு. நகரின் நடுவே பெஹைன்ஹோஃப் என்ற வளவு இருக்கிறது. கன்னியர் மடத்து வார்த்தைப்பாடுகள் இல்லாமல், ஆனால் செபமும் சேவையுமாகச் சேர்ந்து வாழ்ந்த பெண்களின் குடியிருப்பு அது. அவர்களின் பழைய ஆலயம் பறிக்கப்பட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கப்பட்டபோது அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. எதிரிலிருந்த இரண்டு வீடுகளை ஒன்றாக்கி 1671இல் மறைவான சிற்றாலயம் ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். அந்த மரபின் கடைசிப் பெண்மணி 1971இல் காலமானார். வளவு இன்றும் பெண்களுக்குரிய குடியிருப்பாகவே உள்ளது.

இவற்றைக் கேட்டபோது என் மனம் சில்லாலைக்கும் மடுவுக்கும் போய்விட்டது. தங்கள் நகரில் பரணிலும் சுரங்கத்திலும் வழிபடக் கத்தோலிக்கரை விட்டுவைத்த அதே ஒல்லாந்தர், எமது நாட்டில் அந்த அளவு இடத்தையும் கொடுக்கவில்லை. 1658இல் அவர்கள் பிறப்பித்த கட்டளைப்படி, கத்தோலிக்கக் குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை. ஆலயங்கள் பறிக்கப்பட்டன. மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சொரூபத்தை மக்கள் காட்டுக்குள் எடுத்துச் சென்று காத்த வரலாறுதான் மடுத் திருப்பதியின் வரலாறு. கோவாவில் பிறந்த யோசேப் வாஸ் அடிகள் 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் மறைந்திருந்து, இரவில் வீடுகளில் பூசை வைத்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை வாசகிகள் பலர் அறிவீர்கள்.

சைவ மக்களின் நிலையும் வேறல்ல. திருமணத்தையும் பிறப்பையும் பதிவதற்கும் காணியுரிமைக்கும் ஒல்லாந்தரின் ஆலயத் தோம்பில் பெயர் இருக்க வேண்டியிருந்தது. அதற்காகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வீட்டுக்குள் கதவைச் சாத்தித் திருநீறு பூசியவர்கள் எம் முன்னோர். மறைவாக வழிபட்டவர்களுக்கு இரவில் கதவு திறந்து, அடுப்பு மூட்டிக் கொடுத்த பெண்களின் பெயர்கள் எந்தத் தோம்பிலும் இல்லை.

வாசலில் நின்ற பெண்கள்

நாங்கள் மேசைக்குத் திரும்பியபோது அடுப்பின் அருகே ஒரு மூதாட்டி பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி, முன்னே கோப்பி. நாங்கள் எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றதும் "சிலோன்" என்று தலையசைத்தார். வயது எண்பத்தெட்டு. பிறந்தது பக்கத்திலுள்ள யோர்டான் என்ற பகுதியில். தங்கை மொழிபெயர்க்க, நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

யோர்டான் இன்று அழகிய கடைகளும் பூச்செடிகளும் நிறைந்த இடம். ஆனால் அவரது பிள்ளைப் பருவத்தில் அது ஏழைத் தொழிலாளரின் பகுதி. ஒரே அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கியது. இருக்க இடமில்லாத ஆண்கள் மூலைக்கு மூலை இருந்த தவறணைகளுக்குப் போனார்கள். அங்கே வெளிச்சம் இருந்தது, சூடு இருந்தது, பேச ஆள் இருந்தது. அதனால்தான் பழுப்புக் கஃபேயை 'வீட்டின் விறாந்தை' போல இன்றும் பேசுகிறார்கள்.

"அந்த விறாந்தை எங்கள் அப்பாவுக்குத்தான். எங்கள் அம்மாவுக்கு இல்லை" என்றார் மூதாட்டி. "சம்பள நாளில் அம்மா தவறணை வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். என்னைத்தான் அனுப்புவார், 'அப்பா, சாப்பாடு ஆறுது' என்று சொல்லச் சொல்லி. எனக்கு அப்போது பத்து வயது."

நான் தங்கையைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். எங்கள் ஊரிலும் பிள்ளையைத்தான் அனுப்புவார்கள்.

யோர்டானில் 1624இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இன்னொரு கஃபே இருக்கிறது. அருகிலுள்ள பெரிய தேவாலயத்தின் கோபுரத்தைக் கட்டிய தொழிலாளருக்கு அங்கேதான் கூலி கொடுத்தார்கள் என்பது அதன் பெருமை. சுற்றுலாப் பயணிகளுக்கு அது சுவையான கதை. ஆனால் கூலியைத் தவறணையில் வைத்துக் கொடுத்தால் அதில் எவ்வளவு வீடு வந்து சேரும் என்பது பெண்களுக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலிவான யெனேவர் அந்நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களை உருக்குலைத்தது. அதை எதிர்த்து இயக்கங்கள் தோன்றின. மதுவை விட்டவர்கள் அடையாளமாக நீலநிற முடிச்சு ஒன்றை அணிந்தார்கள். தொழிலாளர்கள் மதுவின்றிக் கூடியிருக்கக் கோப்பிக் கடைகள் திறக்கப்பட்டன. குடிக்கும் தொழிலாளி சிந்திப்பதில்லை என்று தொழிற்சங்கத்தவரே பிரசாரம் செய்தார்கள். 1881இல் வந்த மதுச் சட்டம், சனத்தொகைக்கேற்ப மதுக்கடைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியதோடு, குடித்துவிட்டு வீதியில் தடுமாறுவதையும் குற்றமாக்கியது. 2014ஆம் ஆண்டிலிருந்து 18 வயதுக்குட்பட்டோருக்கு எந்த மதுவும் விற்க முடியாது. இன்று நான் கண்ட அமைதியான அறை தானாக வந்ததல்ல. பல தலைமுறையினர் போராடி அதனை அமைதியாக்கியிருக்கிறார்கள். அந்த நாட்டில் மதுவால் அழியும் குடும்பங்கள் இப்போது இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. குடியின் கேடு எங்கும் ஒன்றுதான்.

உள்ளே வந்த பெண்கள்

மூதாட்டி தன் திருமணத்தைப் பற்றியும் சொன்னார். மணமான புதிதில் ஒரு தையல் இயந்திரத்தைத் தவணைக்கு வாங்கக் கடைக்குப் போனாராம். கணவரின் கையெழுத்து இல்லாமல் தரமுடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போதைய சட்டப்படி மணமான பெண் தன் கணவரின் அனுமதியின்றி ஒப்பந்தம் செய்யவோ வங்கிக் கணக்குத் திறக்கவோ முடியாது. சிறுபிள்ளைகளைப்போல அவர்களும் சட்டத்தின்முன் தகுதியற்றவர்கள். 1919இல் வாக்குரிமை பெற்ற பெண்களுக்கு, இந்தத் தடையை நீக்கிய சட்டம் 1956இல்தான் வந்தது.

இதைக் கேட்டதும் எனக்குத் தேசவழமை நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்து மக்களின் வழமைகளைத் திரட்டி 1707இல் எழுத்தில் பதித்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி. பெண்ணுக்குச் சீதனமாக வரும் காணியும் வீடும் அவளுக்கே உரியவை என்று சொல்லும் அந்த வழமைதான், அவற்றைக் கைமாற்றக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற நிலையையும் எமக்குத் தந்தது. 1911ஆம் ஆண்டு வந்த கட்டளைச் சட்டமும் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்டது. எங்கள் வழமையை ஏட்டில் எழுதிச் சென்றவர்களின் பேத்திமார், தங்கள் நாட்டில் அந்தக் கையெழுத்திலிருந்து 1956இல் விடுதலை பெற்றார்கள். எமது சகோதரிகளில் எத்தனை பேர் தமது உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்திருக்கிறோம்?

இன்னொரு கதையும் கேட்டேன். அம்ஸ்ரடாமின் கால்வாய்க் கரைகளில் ஆண்களுக்கான சிறுநீர் கழிக்கும் மறைப்புகள் நெடுங்காலமாக இருந்தன. பெண்களுக்கு இல்லை. 1970இல் 'டொல்ல மீனா' என்ற இளம் பெண்கள் குழுவினர் இந்த மறைப்புகளுக்கு இளஞ்சிவப்பு நாடாக்களைக் கட்டி, "எங்களுக்கு எங்கே?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்களாம். ஆனால் வெளியே போகும் பெண்ணுக்கு அது சிரிப்பல்ல. பேருந்து நிலையத்தில் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் எம் பெண்களுக்கு அது புரியும். 'கக்கூசு' என்ற சொல்லையே ஒல்லாந்த மொழியிலிருந்துதான் நாங்கள் எடுத்தோம் என்று தங்கை சொன்னபோது மூதாட்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சொற்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் பின்னாலிருந்த மேசையைக் காட்டினார். இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்குள்ள கஃபேகளில் பிரபலமான விளையாட்டுக்குப் பெயர் கிளாவர்யாசன். எங்கள் பெரியப்பா சீட்டை மேசையில் அடித்து "களாவர்" என்றும் "ஆடுதன்" என்றும் கூவுவது நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒல்லாந்தச் சொற்களே. எங்கள் கந்தோரும் அவர்களின் கந்தோர்தான். ஆனால் பெரியப்பாவின் மேசையில் பெண்கள் இருந்து விளையாடியதை நான் ஒருநாளும் கண்டதில்லை. தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினோம்.

எமக்கு எங்கே ஓர் அறை?

புறப்படும்போது, "நீங்கள் எப்போது முதன்முதலாக ஒரு கஃபேக்குள் தனியே வந்து இருந்தீர்கள்?" என்று மூதாட்டியிடம் கேட்டேன்.

சற்று யோசித்தார். "கணவர் இறந்த பிறகு. வீட்டில் தனிய இருந்து கதைக்க ஆளில்லை. முதல் நாள் வாசலில் நின்று திரும்பிப் போய்விட்டேன், அம்மாவைப்போல. இரண்டாம் நாள் உள்ளே வந்தேன். கோப்பி ஒன்று கேட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை."

ஒல்லாந்த மொழியில் 'ஹெசெல்லிஹ்' என்று ஒரு சொல் உண்டு. நல்ல மனிதரோடு கூடியிருக்கும் இதம் என்று பொருள் சொல்லலாம். அந்நாட்டவர் ஒரு நாளில் பலமுறை சொல்லும் சொல் அது. அந்த இதத்தைத் தருவது மது என்று நான் நினைக்கவில்லை. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப்பேரின் முன்னே கோப்பிதான் இருந்தது. வெளிச்சம், சூடு, பத்திரிகை, முகம் தெரிந்த மனிதர், யாரும் எழுந்து போ என்று சொல்லாத ஒரு கதிரை, இவையே அந்த இதம்.

எமது பெண்களுக்கு அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். முன்பு ஊர்க் கிணற்றடி இருந்தது. குழாய் வந்த பின் அதுவும் போய்விட்டது. கோவில் வீதி இருக்கிறது, ஆனால் அங்கே விரதமும் திருவிழாவும் இருக்க வேண்டும். ஆண்களுக்குச் சந்தியும் வாசிகசாலைத் திண்ணையும் தேநீர்க் கடை வாங்கும் இருக்கின்றன. கணவனை இழந்தவளும், பிள்ளைகள் வெளிநாடு போய்த் தனித்திருப்பவளும், குடிகாரக் கணவனின் குரலுக்குப் பயந்து இருட்டில் வேலியோரம் நிற்பவளும் ஒரு மணித்தியாலம் போய் இருக்க எமக்கு ஓர் அறை இல்லை.

அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. எத்தனையோ கிராமங்களில் மாதர் சங்கக் கட்டடங்கள் கூட்ட நாளில் மட்டும் திறந்து, மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலைகளாவது அவற்றைத் திறந்து வைக்கலாம். ஒரு கேத்தல், பத்துக் கோப்பைகள், அன்றைய பத்திரிகைகள், நல்ல வெளிச்சம், சுத்தமான ஒரு மலசலகூடம், முறை வைத்துத் திறப்பை வைத்திருக்க இரண்டு பேர் இருந்தால் போதும். கூட்டமும் வேண்டாம், உரையும் வேண்டாம். வந்தவள் பேச விரும்பினால் பேசட்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்கட்டும்.

வீடு திரும்பியதும் தங்கை கேட்டாள், "என்ன அக்கா, தவறணை பிடிச்சதோ?"

"தவறணை எனக்கு எப்பவும் பிடிக்காது" என்றேன். "ஆனால் அந்த அம்மா இருந்த கதிரை பிடிச்சுது."

ஊருக்கு வந்ததும் எங்கள் சங்கக் கட்டடத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தேன். உங்கள் ஊரில் யாரிடம் இருக்கிறது என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள், சகோதரிகளே.